வலது ஸ்பீக்கரில் மட்டும் கேட்ட பீற்றில்ஸ்: அந்தச் சிரிப்பு உண்மைதானா?

வவுனிக்குளத்தான்:

பழைய இங்கிலீஷ் பாட்டுத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என் சந்தேகத்தைத் தீர்த்துவையுங்கள். கேள்வி சின்னது, கதைதான் கொஞ்சம் நீளம்.

1996 இல் கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னியில் மல்லாவிக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு 11 வயது. சித்தப்பாவிடம் ஒரு சைக்கிள், இரண்டு ஸ்பீக்கர் வைத்த ஒரு கசற் பிளேயர், ஒரேயொரு கசற். மற்றக் கசற்றுகளைப் பாரம் என்று படகுக்காரர் இறக்கிவிட்டாராம். இதை மட்டும் சித்தப்பா சாரத்து மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். பீற்றில்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக்குழுவின் முதல் எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, ‘பிளீஸ் பிளீஸ் மீ’. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு ரெக்கோடிங் பாரில் காசு கொடுத்துப் பதிந்தது. உள் அட்டையில் நீலப் பேனாவால் 14 பாட்டின் பெயரையும் எழுதி வைத்திருந்தார். மூன்றாவது பெயர் மட்டும் தண்ணீர் பட்டு ஊறி, ஒரு சின்ன நீல மேகமாகக் கிடக்கும்.

மல்லாவியில் அப்போது கரண்ட் ஏது? பற்றரியோ தடைசெய்த சாமான். அதனால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லில் அழுத்திவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். நானும் மச்சானும் முறை வைத்துச் சுற்றுவது வழக்கம். சித்தப்பா பாயில் படுத்தபடி, “டேய், கிழவன் பாடுறான்ரா” என்றால் எங்கள் கை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். “இப்ப பொம்பிளை பாடுது” என்றால் வேகம் கூடிவிட்டது. கடைசிப் பாட்டை ஒருவர் தொண்டை கிழியக் கத்திப் பாடுவார். அது வருவதற்குள் எங்கள் தோள்மூட்டும் கழன்றுவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிளாலியில் உப்புத்தண்ணி பட்டதில் இடது ஸ்பீக்கர் செத்துப்போய்விட்டது. வலதில்தான் கேட்போம். அதில் அநேகமாகக் குரல் மட்டும்தான் வரும். முதற்பாட்டில் ஒருவர் ஒன்று, இரண்டு என்று நாலு வரை எண்ணுவார். உடனே தூரத்தில், வேறு ஊர்க் கோயிலில் மேளம் அடிப்பதுபோல ஒரு மங்கல் சத்தம். பிறகு பாட்டு. நடுவில் குரல் நின்றுவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே இராது. அந்த வெறுமையை மச்சான்தான் நிரப்புவான். அவனிடம் ஒரு பால்மா ரின் இருந்தது. பெடல் என் கையில் என்றால் ரின் அவன் கையில். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் எத்தனை அடி என்று அவனுக்குக் கணக்கு இருந்தது.

ஆனால் கசற்றை மறுபக்கம் திருப்பியதும் முதல் இரண்டு பாட்டிலும் கிற்றார், ட்றம்ஸ் எல்லாம் குரலோடு சேர்ந்தே கேட்கும். மூன்றாவது பாட்டோடு மறுபடி காணாமல் போய்விடும். வாத்தியக்காரர் பிந்தி வந்து, இரண்டு பாட்டுக்கு வாசித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு எழும்பிவிட்டார்கள் என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். திருவிழா மேளக்காரரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை.

இன்னொன்று, முதற்பக்கத்தின் கடைசிப் பாட்டு, அதாவது எல்பியின் பெயரைக் கொண்ட பாட்டு. முடிகிற இடத்தில் பாடுகிறவருக்குச் சொல் தடுமாறும். அடுத்த வரியைச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பாடுவார். அந்த இங்கிலீஷில் ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காது. ஆனாலும் ஆள் பிழைவிட்டுவிட்டார் என்பது விளங்கும், வகுப்பில் தேவாரம் சொல்லும்போது நடுவில் மறந்துபோய்ச் சிரிக்கிற பெடியன் மாதிரி. அந்த இடத்துக்காகவே திருப்பித் திருப்பிச் சுற்றியிருக்கிறோம்.

2008 இல் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டோம். விசுவமடு வரைக்கும் கசற் பையில் இருந்தது. அதற்கு அங்கால் இல்லை.

இப்போது என்னுடைய வயலில் காலபோக நெல் குடலைப் பருவம். யானைக்குப் பயந்து இரவில் காவல் கொட்டிலில் படுக்கிறேன். போன கிழமை ரொறொன்ரோவிலிருந்து அக்காவின் மகன் அந்தப் பாட்டை வைபரில் அனுப்பினான். கொட்டிலில் இருந்து கேட்டேன். கிற்றார் இருக்கிறது, ட்றம்ஸ் இருக்கிறது, எல்லாமே இருக்கிறது. சிரிப்பு மட்டும் இல்லை. நாலு தரம் கேட்டுவிட்டேன்.

நான் கற்பனை பண்ணிக்கொண்டேனா? அந்த இரண்டு பாட்டில் மட்டும் வாத்தியம் வந்த மாயம் என்ன?

முறிகண்டிக் கச்சான்:

அண்ணை, வன்னிக்குள் இருந்துகொண்டு இங்கிலீஷ் பொப்பா! எங்கள் வீட்டில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும்தான். அதற்கும் டைனமோதான், ஆனால் விளங்குகிற மொழியில் சுற்றினோம். சிரிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. யாராவது சொல்லுங்கள், எனக்கும் இப்போது நித்திரை வராது.

ரேப்ஹெட்:

வவுனிக்குளத்தான், நீங்கள் ஒன்றையும் கற்பனை பண்ணவில்லை. வவுனியாவில் இருபது வருஷம் றேடியோ திருத்தியவன் நான், இந்த எல்பியில் எனக்குக் கொஞ்சம் பைத்தியமும் உண்டு.

இருக்கிற 14 பாட்டில் 10 பாட்டை ஒரே நாளில் பதிந்தார்கள். 1963 பெப்ரவரி 11, லண்டன் அபே வீதியில் இஎம்ஐ இசைத்தட்டுக் கம்பனியின் ஸ்ரூடியோ. காலையில் தொடங்கி இரவு பத்தரை தாண்டி முடித்தார்கள். மற்ற நாலும் அதற்கு முன்பே, பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சிங்கிள் இசைத்தட்டுகளில் வந்தவை. அன்றைக்கு அவர்கள் பாவித்த ரேப்பில், அதாவது ஒலிநாடாவில், இரண்டே இரண்டு தடம். ஒரு தடத்தில் குரல்கள், மற்றதில் வாத்தியங்கள். ஸ்டீரியோவுக்காக, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் வெவ்வேறு சத்தம் வரவேண்டும் என்று, அப்படிப் பிரிக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் ஒரே சத்தமாக, மோனோவாகச் சேர்க்கும்போது குரலைக் கூட்டவோ குறைக்கவோ வசதியாக இருக்கும் என்றுதான். அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலானோர் வாங்கியது மோனோ. மார்ச் 22 இல் மோனோ வந்தது, ஏப்ரல் கடைசியில்தான் ஸ்டீரியோ. அதற்கு அந்த இரண்டு தடத்தையும் ஏறக்குறைய அப்படியே வைத்து, வாத்தியத்தை இடதிலும் குரலை வலதிலும் விட்டுவிட்டார்கள். உங்கள் சித்தப்பாவுக்குப் பதிந்து கொடுத்தவர் ஸ்டீரியோ எல்பியிலிருந்து எடுத்திருக்கிறார். செத்தது வலது ஸ்பீக்கராக இருந்திருந்தால் நீங்கள் பாட்டே இல்லாமல் பின்னணி வாத்தியம் கேட்டு வளர்ந்திருப்பீர்கள்.

தூரத்து மேளமும் சரிதான். எல்லோரும் ஒரே அறையில் நின்று வாசித்தார்கள். ட்றம்ஸ் சத்தம் குரல் மைக்குக்குள்ளும் கொஞ்சம் புகுந்துவிட்டது.

இரண்டாம் பக்கத்தின் முதலிரண்டும் 1962 செப்ரெம்பரில் பதிந்த முதல் சிங்கிளின் இரண்டு பக்கங்கள். அவற்றுக்கு இரண்டு தட ரேப் மிஞ்சவில்லை, மோனோ மட்டும்தான் இருந்தது. அதையே கனத்த சத்தம் ஒரு பக்கம், மெல்லிய சத்தம் மறுபக்கம் என்று பிரித்துப் பொய்யாக ஒரு ஸ்டீரியோ செய்தார்கள். அதனால் இரண்டு பக்கத்திலும் எல்லாமே இருக்கும். உங்கள் வாத்தியக்காரர் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை.

சிரிப்புக்கு வருவோம். அந்தப் பாட்டின் மோனோவும் ஸ்டீரியோவும் ஒரே பாடல்பதிவு அல்ல. ஸ்டீரியோ செய்தபோது வேறு எடுப்புகளை, அதாவது அதே பாட்டை வேறு தரம் பாடிப் பதிந்தவற்றை, ஒட்டிச் சேர்த்தார்கள். அதில் கடைசிச் சரணத்தில் குழுவின் பாடகர் ஜோன் லெனன் சொல்லை மாற்றிப் பாடிவிட்டு, அடுத்த வரியில் சிரிப்பை அடக்குவது அப்படியே இருக்கிறது. மருமகன் அனுப்பியது மோனோவாக இருக்கும். அதில் லெனன் ஒழுங்காகப் பாடியிருக்கிறார். ஸ்டீரியோவைத் தேடிக் கேளுங்கள், இடது இயர்போனைக் கழற்றிவிட்டு.

கண்டாவளைக் கமம்:

சிரிப்பு, ஸ்பீக்கர் எல்லாம் இருக்கட்டும். நேர்மையாகச் சொல்லுங்கள், அது அவர்களின் நல்ல எல்பியா? 14 இல் 6 மற்றவர்களின் பாட்டு. இரண்டு மூன்று வருஷம் கழித்து அவர்கள் செய்ததற்குப் பக்கத்தில் இது பள்ளிக்கூடக் கலைவிழா. உங்கள் சித்தப்பாவின் மடியில் வேறொரு கசற் இருந்திருந்தால் இன்றைக்கு அதைப் பற்றி இதே கதையை எழுதியிருப்பீர்கள். நாங்கள் விரும்புவது பாட்டையா, எங்கள் பதினொரு வயதையா?

தர்மபுரத்தாள்:

பாட்டுக் கேட்க டைனமோ கிடைத்த வீடு கொடுத்துவைத்த வீடு! எங்கள் அப்பாவிடம் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. இரவில் பிபிசி தமிழோசைக்கு மட்டும்தான் சைக்கிள். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து முற்றத்தில் குந்தியிருப்பார்கள். நான் சுற்றுவேன். செய்தியின் நடுவில் கை ஓய்ந்து சத்தம் அமுங்கினால் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய பற்றரியை அம்மா மிளகாயோடு வெயிலில் காயவைப்பா, கொஞ்சம் உயிர் வரும் என்று. அந்த உயிர் ஒரு பாட்டுக்குக் காணும். அதுவும் அப்பா வயலுக்குப் போனபிறகு.

கண்டாவளை அண்ணாவுக்கு: பதினொரு வயதில் கேட்ட எல்லாவற்றையும் நான் விரும்பவில்லை. தமிழோசையின் தொடக்க இசையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தோள் உளையும்.

வவுனிக்குளத்தான்:

ரேப்ஹெட் அண்ணை, கையெடுத்துக் கும்பிடுகிறேன். நீங்கள் சொன்னபடி மருமகனிடம் ஸ்டீரியோ வேண்டும் என்று கேட்டேன். ‘ஏன் மாமா, அதுதான் நல்லாயில்லை என்பார்கள்’ என்று எழுதிவிட்டு அனுப்பினான். நேற்று இரவு கொட்டிலில் வலது காதில் மட்டும் போட்டுக்கொண்டு கேட்டேன். இருக்கிறது. கடைசிச் சரணம், தடுமாற்றம், உடனே அந்த அடக்கின சிரிப்பு. நானும் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல, பக்கத்து வயல் காவற்காரர் யானை வந்துவிட்டது என்று வெடி கொளுத்திவிட்டார்.

கண்டாவளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் முருகன் பாட்டுக் கசற் ஒன்று இருந்தது, அதே பிளேயர், அதே டைனமோ, அதே பதினொரு வயது. அதைச் சுற்ற ஒருவரும் முன்வந்ததில்லை. அம்மாவே ஒரு கையால் சுற்றிக்கொண்டு மறுகையால் தேங்காய் துருவுவா. ஆகவே பாட்டிலும் ஏதோ இருக்கிறது. கலைவிழா என்றது சரிதான், எனக்குப் பிடித்ததே அதுதான். தொண்டை கிழியக் கத்துகிற அந்தக் கடைசிப் பாட்டுப் பாடியபோது லெனனுக்குத் தடிமன், தொண்டை கட்டியிருந்தது என்று மருமகன் சொன்னான். முதல் எடுப்பையே வைத்துக்கொண்டார்களாம், இரண்டாவதுக்குக் குரல் இல்லையாம். அதைக் கேட்டபிறகு எனக்கு என் தோள்மூட்டு நினைவுதான் வந்தது.

இன்று காலை மல்லாவிக்குப் போய்ச் சித்தப்பாவுக்கும் வலது பக்கத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முதற்பக்கம் முழுவதையும் கேட்டார். சிரிப்பு வந்த இடத்தில் கையை உயர்த்திக் காட்டினார். முடிந்ததும், “எல்லாம் சரி, ஆனா இது வேகமா ஓடுது” என்றார். போனில் வேகம் சரிதான் என்று எவ்வளவு சொல்லியும் ஏற்கவில்லை. நானும் மச்சானும் ஒருநாளும் சரியான வேகத்தில் சுற்றவில்லைப் போலிருக்கிறது.

பிறகு இடது பக்கத்தையும் சேர்த்துப் போட்டேன். குரல் நிற்கிற இடத்தில் கிற்றார் வந்தது. நல்ல கிற்றார்தான். சித்தப்பா அரைவாசியில் இயர்போனைக் கழற்றித் தந்துவிட்டு, “இதில ரின்னைக் காணேல்லை” என்றார்.

மச்சான் இப்போது பிரான்சில். இன்று பின்னேரம் அவனுக்கு எடுத்து முதற்பாட்டைப் போடப்போகிறேன், வலது பக்கம் மட்டும். அங்கே அவனுக்குப் பால்மா ரின் எங்கே கிடைக்குமோ தெரியாது, சட்டியையாவது எடுக்கச் சொல்ல வேண்டும்.