கஸின்ஸ் குரூப்: டார்பிடோ ஏன் வெடிக்கல?

அருண்: சைலன்ட் ஹன்டர் 4, அந்த நீர்மூழ்கி கேம் ஆடுறவங்க யாராச்சும் இருக்கீங்களா? 1942 மிஷன், மார்க் 14 (தண்ணிக்குள்ள ஓடிப்போய் கப்பல அடிக்கிற அமெரிக்க டார்பிடோ), மேனுவல் டார்கெட்டிங், அதாவது குறிக்கான கணக்க நானே போடுறது. நாலு விட்டதுல ரெண்டு கப்பலுக்குப் பின்பக்கமா தாண்டிப் போயிருச்சு. ரெண்டு "டங்"னு மோதுச்சு, வெடிக்கல.

மீனா அக்கா: அது ரெண்டும் வேற வேற கோளாறுடா. தாண்டிப் போனது உன் கணக்கு. வெடிக்காதது டார்பிடோவ வெடிக்க வைக்கிற ஊசி. என்ன நம்பர் போட்ட?

அருண்: கப்பல் ஸ்பீடு 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்), தூரம் 1500 யார்டு, ஏ.ஓ.பி. (கப்பல் போற திசைக்கும் நான் பாக்குற கோட்டுக்கும் நடுவுல உள்ள கோணம்) 90. டார்பிடோ ஹை ஸ்பீடு.

மீனா அக்கா: பின்னாடி போச்சுன்னா கப்பல் நீ போட்டதவிட வேகமா ஓடுதுன்னு அர்த்தம். முன்னாடி போனா நேர்மாறு. ஹை ஸ்பீடு டார்பிடோ 46 நாட்ல 1500 யார்டு போக 58 செகண்ட் ஆகும். கப்பல் நிஜமா 9 நாட்ல போனா, அதுக்குள்ள உன் கணக்கவிட 100 யார்டு கிட்ட கூடுதலா நகர்ந்திருக்கும். 140 யார்டு கப்பலுக்கு நடுவுல குறி வச்சா, பின்பக்கம் உனக்கு இருக்கிறது 70 யார்டுதான்.

சித்தப்பா: ஸ்பீட கண்ணால மதிச்சுப் போடக்கூடாதுப்பா. மேப்புல ஒரு புள்ளி வை, ஸ்டாப்வாட்ச்ல சரியா 3 நிமிஷம், அடுத்த புள்ளி. நடுவுல உள்ள யார்டுல கடைசி ரெண்டு சைபர எடுத்துரு. 900 யார்டுன்னா 9 நாட். மேப் மீட்டர்ல இருந்தா 3 நிமிஷம் 15 செகண்ட்.

அருண்: தூரம் தப்பா இருந்தா சித்தப்பா?

சித்தப்பா: கைரோ ஆங்கிள், அதாவது டார்பிடோ விட்டதும் வளையுற கோணம், 0 பக்கம் இருந்தா அது பெரிய விஷயமில்ல. டார்பிடோ வளையாம நேரா ஓடும். 30, 40 டிகிரி வளைய வேண்டி வந்தாத்தான் தூரம் துல்லியமா வேணும். அதனால படகத் திருப்பி கைரோவக் குறைச்சுக்கோ.

மீனா அக்கா: இன்னொரு செக். நம்பர அனுப்பி பி.கே.ய (பொசிஷன் கீப்பர், கப்பல் இப்ப எங்க இருக்கும்னு கணக்குப் போட்டுக் காட்டுற கருவி) ஆன் பண்ணிட்டு ஒரு நிமிஷம் சும்மா பாரு. பி.கே. காட்டுற பேரிங்கும் (திசைக் கோணம்) பெரிஸ்கோப் பேரிங்கும் ஒண்ணாவே நகரணும். விலகுச்சுன்னா ஸ்பீடோ ஏ.ஓ.பி.யோ தப்பு. அப்ப விடாத.

அருண்: சரிக்கா. அந்த "டங்"?

சித்தப்பா: மார்க் 14 நிஜத்துலயே அப்படித்தான் இருந்துச்சு. கேம் அந்தக் குறைகளத்தான் காட்டுது. நேரா 90 டிகிரில வேகமா மோதினா ஊசி அது ஓடுற தடத்துலயே உரசிச் சிக்கிக்கும், டெட்டனேட்டர அடிக்க வேகம் இருக்காது. 1943ல ஹவாயில டார்பிடோவ 90 அடி உயரத்துல இருந்து இரும்புத் தட்டு மேல போட்டுப் பாத்தாங்க. நேரா விழுந்ததுல பத்துக்கு ஏழு வேலை செய்யல. தட்டச் சாய்ச்சு வச்சதும் அந்தக் கோளாறு பாதிக்குப் பாதி குறைஞ்சுது.

அருண்: அப்போ 90ல அடிக்கவே கூடாதா?

மீனா அக்கா: அங்கதான் இடிக்குது. 90ல ஏ.ஓ.பி. 10 டிகிரி தப்பினாலும் லீட் ஆங்கிள் (கப்பலுக்கு எவ்வளவு முன்னாடி குறி வைக்கணும்ங்கிற கோணம்) 0.2 டிகிரிதான் மாறும். 60ல அதே தப்பு ஒரு டிகிரிக்கு மேல, 1500 யார்டுல 30 யார்டு விலகும். ஆனா ஊசிக்கு சாய்வுதான் நல்லது. நான் 50-60 டிகிரில மோதுற மாதிரி வைப்பேன். ஸ்பீடு சரியா இருந்தா அந்த 30 யார்டத் தாங்கலாம்.

அருண்: லோ ஸ்பீடுல விட்டா மோதுற வேகம் குறையுமே?

மீனா அக்கா: குறையும். ஆனா 31 நாட்ல 1500 யார்டுக்கு 86 செகண்ட். ஸ்பீடு 2 நாட் தப்பினாலே 97 யார்டு போச்சு. 1000 யார்டுக்குள்ள நெருங்கினா மட்டும் லோ.

சித்தப்பா: அதுக்காக ரொம்ப ஒட்டிப் போயிராத. 450 யார்டு அளவுக்கு ஓடினாத்தான் ஆர்ம் ஆகும், அதாவது வெடிக்கத் தயாராகும். ஆழம் என்ன வச்ச?

அருண்: 15 அடி, மேக்னடிக் (கப்பலோட காந்தத்த வச்சு அதுக்கு அடியில வெடிக்கிறது).

சித்தப்பா: மேக்னடிக்க விட்டுரு. அமெரிக்க பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸே 1943 ஜூன்ல அத ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு. காண்டாக்ட் (மோதினா வெடிக்கிறது) வை. ஆழமும் பொய் சொல்லும்: 1942ல ஆஸ்திரேலியாவுல வலை கட்டிச் சோதிச்சப்போ செட் பண்ணதவிட சராசரியா 11 அடி கீழ ஓடுச்சு. 5 அடில வை.

மீனா அக்கா: முதல்ல ரியலிசம் ஆப்ஷன்ல டட் (மோதியும் வெடிக்காத) டார்பிடோவ ஆஃப் பண்ணிட்டு இதே தாக்குதல ஆடு. அப்பவும் தப்பினா கணக்கு மட்டும் பாரு. பட்டு வெடிச்சா டட்ட மறுபடி ஆன் பண்ணி, கோணத்தையும் ஆழத்தையும் மாத்து. கணக்கையும் இதையும் ஒரே நேரத்துல மாத்தாத.

அருண்: ஓகேக்கா. முதல்ல 3 நிமிஷப் புள்ளி வைக்கிறேன், ஸ்கிரீன்ஷாட் போடுறேன்.

சித்தப்பா: பி.கே. டயலும் தெரியுற மாதிரி எடுத்துப் போடு.