போருக்குப் பிந்தைய பிரிட்டனில் வானொலியின் ஒரு நாள்: கேட்டவர்களிடம் கேட்டவை

பர்மிங்காமிலிருந்து ஓர் உறுப்பினர்

இங்குள்ள முதியோர் பகல்நேர மையம் ஒன்றில் வாரந்தோறும் தன்னார்வலராக உதவி வருகிறேன். வருபவர்களில் பலருக்கு வயது தொண்ணூறைத் தொட்டுவிட்டது. பிபிசி தனது ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் வெளிவந்த பழைய நிகழ்ச்சி நிரல்களை இணையத்தில் ஏற்றி வைத்திருப்பதால், 1950 இலையுதிர்காலத்து வாரநாள் ஒன்றின் பக்கத்தை அச்செடுத்துச் சென்று, காலையிலிருந்து வரிவரியாக வாசித்துக் காட்டினேன். பல இடங்களில் நான் நேரத்தைச் சொன்னதுமே, பெயரை வாசிப்பதற்குள், நிகழ்ச்சி எது என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அப்போது பிபிசிக்கு மூன்று சேவைகள் இருந்தன. செய்தி, நாடகம், பள்ளி ஒலிபரப்பு ஆகியவற்றுக்கு ஹோம் சர்வீஸ். 1945 ஜூலையில் தொடங்கிய லைட் புரோகிராம் பாட்டுக்கும் கேளிக்கைக்கும். 1946 செப்டம்பரில் வந்த தேர்டு புரோகிராம் மாலை நேரத்தில் மட்டும், கடினமான இசைக்கும் இலக்கியத்துக்கும். கேட்பவர் எளியதில் தொடங்கி மெல்ல மெல்ல உயர்ந்ததற்கு ஏறிவிடுவார் என்பது தலைமை இயக்குநர் வில்லியம் ஹேலியின் நம்பிக்கை. எங்கள் மையத்தில் அப்படி ஏறியவர் எவரையும் நான் காணவில்லை. தேர்டு புரோகிராம் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

காலை 9.10 என்றதும் ‘ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்’ என்று பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. வீட்டுப் பெண்கள் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்ட பாடல்களை இசைத்தட்டிலிருந்து ஒலிபரப்பிய நிகழ்ச்சி அது. 10.30க்கு ‘மியூசிக் வைல் யூ வொர்க்’. பதினாறு வயதில் இயந்திரப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்த ஒரு பெரியவர், கூரையில் தொங்கிய ஒலிபெருக்கியிலிருந்து அரை மணி நேரம் இடையில் பேச்சே இல்லாமல் வாத்திய இசை கொட்டியதையும், கடைசல் இயந்திரங்களின் இரைச்சலில் மெட்டு பாதிதான் காதில் விழுந்ததையும் சொன்னார். 1940இல் போர்த்தளவாட உற்பத்தியைப் பெருக்கத் தொடங்கப்பட்ட இந்த நிகழ்ச்சிக்குக் கறாரான விதிகள் இருந்தன. இடையிடையே கைதட்டல் வரும் ஓர் அமெரிக்கப் பாட்டை, தொழிலாளர்கள் கைக்கருவிகளால் தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்று பயந்து அதில் தடைசெய்திருந்தார்கள் என்று நான் சொன்னபோது, “நிச்சயம் தட்டியிருப்போம்” என்றார் அவர்.

பிற்பகல் 1.45க்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ‘லிசன் வித் மதர்’ வந்தது. அவ்வாண்டு ஜனவரியில்தான் தொடங்கியிருந்தது. அது முடிந்ததும் 2 மணிக்கு ‘வுமன்ஸ் அவர்’. 1946 அக்டோபரில் தொடங்கியபோது பெண்களுக்கான அந்த நிகழ்ச்சியை நடத்தியவர் ஆலன் ஐவிமி என்ற ஆண் என்பதைக் கேட்டு ஒரு பாட்டிக்கு இன்றும் ஆறவில்லை. அவருடைய அம்மா அந்த ஒரு மணி நேரத்தில்தான் துணிகளுக்கு இஸ்திரி போடுவாராம். நிகழ்ச்சியில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் நினைவில்லை. போர்வையை நாலாக மடித்து மேசைமேல் விரித்ததும், பக்கத்தில் கிண்ணத்தில் தெளிப்பதற்குத் தண்ணீர் இருந்ததும் நினைவிருக்கின்றன. மாலை 6.45க்கு ‘டிக் பார்ட்டன்’ என்ற துப்பறியும் தொடர், ஒரு கட்டத்தில் ஒன்றரைக் கோடி பேர் கேட்டது. 1951 வசந்தத்தில் அதை நிறுத்திவிட்டு அதே நேரத்தை ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற கிராமத்துக் குடும்பத் தொடருக்குக் கொடுத்தார்கள். உணவுப் பங்கீடு நடந்த காலமாதலால் உழவர்களுக்கு விளைச்சலைப் பெருக்கும் வழிகளைக் கதையோடு சேர்த்துச் சொல்வது அதன் நோக்கமாக இருந்தது. “எங்கள் வீரனை எடுத்துக்கொண்டு பன்றி வளர்ப்பைக் கொடுத்தார்கள்” என்று பட்டறைக்காரர் இப்போதும் குமுறுகிறார்.

அன்றைய ஒலிபரப்பில் பெரும்பகுதி நேரலையாகப் போனது. பதிவு செய்தவற்றிலும் பாதுகாத்தவை குறைவு. அதனால்தான் இவர்களிடம் கேட்பதை நான் பொழுதுபோக்காகக் கருதுவதில்லை. அச்சிட்ட நிரல் என்ன ஒலிபரப்பினார்கள் என்பதைச் சொல்லும். அந்நேரத்தில் கேட்பவரின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாது.

லெஸ்டரிலிருந்து ஓர் உறுப்பினர்

மேலே எழுதியவர் நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொன்னதால் நான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) வானொலிகளைப் பழுதுபார்ப்பது எனக்குப் பழக்கம். குமிழைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. வால்வுகள் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பழைய தூசி கருகும் வாசனை வந்துவிடும். முகப்புக் கண்ணாடியில் லைட் புரோகிராமுக்குரிய 1500 மீட்டர் நெட்டலை (லாங் வேவ்) தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். டிராய்ட்விச் ஒலிபரப்பு நிலையத்திலிருந்து வந்த அந்த அலை நாட்டின் பெரும்பகுதியை எட்டியது.

என்னிடம் பெட்டி ஒன்றை விற்ற முதியவர் வளர்ந்த பண்ணை வீட்டில் மின்சாரமே இல்லையாம். கண்ணாடிச் சாடியில் அமிலம் நிரம்பிய ஈய மின்கலத்தைச் சனிக்கிழமைதோறும் சைக்கிள் கடைக்குத் தூக்கிச் சென்று, மின்னேற்றி வைத்திருக்கும் இன்னொன்றை வாங்கி வருவது சிறுவனான அவருடைய வேலை. அமிலம் தெறித்துக் கால்சட்டையில் விழுந்த ஓட்டைகளுக்காக வாங்கிய அடிகளை இன்னும் எண்ணுகிறார். மின்கலம் வெள்ளிக்கிழமை தீர்ந்துவிடாமலிருக்க, வாரம் முழுவதும் எதைக் கேட்பது, எதை விடுவது என்று அவருடைய அப்பா கணக்குப் பார்த்தாராம். நாள் முழுவதும் வானொலி பாடிக்கொண்டிருந்தது என்ற சித்திரம் மின்சாரம் இருந்த வீடுகளுக்கே பொருந்தும். உரிமக் கட்டணமோ எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். 1946இல் பத்து ஷில்லிங்கிலிருந்து, அதாவது அரைப் பவுண்டிலிருந்து, ஒரு பவுண்டாக அதை உயர்த்தினார்கள்.

மின்சாரம் இருந்தவர்களும் 1947 பிப்ரவரியில் தவித்தார்கள். கடும்பனியில் நிலக்கரி நகராமல் மின்வெட்டு வந்தபோது தொலைக்காட்சியும் தேர்டு புரோகிராமும் சில வாரங்கள் நிறுத்தப்பட்டன.

லண்டனிலிருந்து ஓர் உறுப்பினர்

ஒரு சிறு சேர்க்கை. நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்காக பிபிசி 1948இல் வகுத்த உள்விதிகளின் மறுபதிப்பை நூலகத்தில் பார்த்தேன். கழிப்பறை, தேனிலவுத் தம்பதியர், பெண்களின் உள்ளாடை, விடுதிப் பணிப்பெண் ஆகியவற்றைப் பற்றிய நகைச்சுவைக்கு அதில் முற்றாகத் தடை. போர்க்காலத்தில் தொழிற்சாலையில் வேலை செய்த என் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டியபோது, இவற்றைத் தவிர வேறு எதைப் பற்றியும் தாங்கள் அங்கே சிரித்ததாக நினைவில்லை என்றார்.