விந்தணு எண்ணிக்கை குறைவு: நேரடியாக இக்ஸி சிகிச்சைக்குச் செல்லலாமா?

முல்லைநிலா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு வயது 33, கணவருக்கு 36. என்னுடைய பரிசோதனை முடிவுகள் எல்லாம் இயல்பாகவே உள்ளன. கருக்குழாய்களிலும் அடைப்பு இல்லை. கணவரின் விந்துப் பரிசோதனை அறிக்கையில், அளவு 2.5 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டருக்கு 30 லட்சம் விந்தணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 12 சதவீதம், இயல்பான வடிவம் உடையவை 2 சதவீதம் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. அந்த ஒரே அறிக்கையைப் பார்த்துவிட்டு, ஐயுஐ செய்து காலத்தைக் கடத்த வேண்டாம், இக்ஸிக்கே போய்விடலாம் என்று மருத்துவர் சொல்கிறார்.

எங்களுக்கு அடிப்படையிலேயே பல ஐயங்கள் உள்ளன. ஐயுஐ, ஐவிஎஃப், இக்ஸி ஆகிய மூன்றும் எதில் வேறுபடுகின்றன? இக்ஸியில் ஒரேயொரு விந்தணுவைத் தேர்ந்தெடுத்து முட்டைக்குள் செலுத்தும்போது, இயற்கையில் நடக்கும் தேர்வு நடக்காமல் போவதால் பிறக்கும் குழந்தைக்குக் குறை ஏதும் ஏற்படுமா? என் நாத்தனாரின் கணவருக்கு அறிக்கை முற்றிலும் இயல்பாக இருந்தும், "ஐவிஎஃப்-ஐ விட இக்ஸியே மேல்" என்று சொல்லி அவர்களுக்கும் அதையே பரிந்துரைத்திருக்கிறார்கள். அது உண்மைதானா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி

சகோதரி, நான் கருத்தரிப்பு ஆய்வகம் ஒன்றில் கருவியல் வல்லுநராகப் பணிபுரிகிறேன். உங்கள் அறிக்கையிலிருந்தே தொடங்குவோம். 2.5 மில்லிலிட்டரில் மொத்தம் 75 லட்சம் விந்தணுக்கள். அவற்றில் முன்னோக்கி நீந்துபவை 12 சதவீதம், அதாவது ஏறத்தாழ 9 லட்சம். உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி, கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருள் இல்லை. முயற்சி தொடங்கி ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களில் கடைசி 5 சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்கள் என்பதையே அது காட்டுகிறது. ஆனாலும் 9 லட்சம் என்பது ஐயுஐ-க்கு மிகவும் குறைவு. கழுவிப் பிரித்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்துவதோடு ஐயுஐ முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கருக்குழாய்க்கு நீந்திச் சென்று முட்டையைத் துளைப்பது முழுவதும் விந்தணுவின் பொறுப்பு. ஐவிஎஃப்-இல் முட்டையை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் சுற்றிப் பல்லாயிரக்கணக்கான விந்தணுக்களை விடுகிறோம். தூரம் குறைகிறது, ஆனால் துளைத்து நுழையும் வேலை இன்னும் விந்தணுவுடையதே. அந்தக் கடைசி வேலையையும் ஊசி ஏற்றுக்கொள்வதே இக்ஸி.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978-இல் பிறந்த பிறகும், விந்தணு மிகவும் குறைந்த ஆண்களுக்கு அந்த ஐவிஎஃப் முறையால் பெரிய பயன் கிட்டவில்லை. முட்டையின் வெளியுறையில் துளையிட்டுப் பார்த்தார்கள், உறைக்கு அடியில் விந்தணுவை வைத்துப் பார்த்தார்கள். பலன் சொற்பமாகவே இருந்தது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜான்பியரோ பலேர்மோவும் உடன் பணியாற்றியவர்களும் முட்டையின் உள்ளேயே விந்தணுவைச் செலுத்தி, அதனால் உண்டான கர்ப்பங்களை 1992-இல் லான்செட் மருத்துவ இதழில் அறிவித்த பிறகே இந்த நிலை மாறியது.

ஆய்வகத்தில் நடப்பதைச் சொன்னால் உங்கள் பயம் ஓரளவு தெளியும். எடுத்த முட்டைகளைச் சுற்றியுள்ள செல்களை நீக்கியதும், முதிர்ந்தவை எவை என்று பார்ப்போம். முதிர்ந்த முட்டையின் ஓரத்தில், துருவ உடலம் எனப்படும் சிறு மொட்டு ஒன்று தெரியும். அது தெரியாத முட்டையில் ஊசி போடுவதில்லை. விந்தணுக்களைக் கெட்டியான திரவத்தில் விட்டு, வேகம் குறைந்து நீந்துபவற்றுள் வடிவம் நன்றாக உள்ள ஒன்றைத் தேர்ந்து, ஊசிமுனையால் அதன் வாலை அழுத்தி அசைவை நிறுத்துகிறோம். இது வெறும் வசதிக்காக அன்று. அந்த அழுத்தத்தில் விந்தணுவின் உறை விரிசல் விடுவதாலேயே, முட்டையைத் தூண்டும் பொருள் பின்னர் வெளிவர முடிகிறது. பிறகு முட்டையை ஒரு கண்ணாடிக் குழாயின் மெல்லிய உறிஞ்சலில் பிடித்து, துருவ உடலம் கடிகாரத்தின் 12 அல்லது 6 மணி திசையில் இருக்கும்படி திருப்பி வைக்கிறோம். ஊசி 3 மணி திசையிலிருந்து நுழைகிறது. குரோமோசோம்கள் துருவ உடலத்தை ஒட்டியே இருக்கும் என்பதால் அந்தப் பக்கம் ஊசி போகக் கூடாது. உள்சவ்வு எளிதில் கிழிவதில்லை. ஊசியோடு சேர்ந்து கூம்பு போல உள்ளே இழுபட்டுக்கொண்டே போகும். இலேசாக உறிஞ்சியதும் அது சட்டென்று கிழிந்து வழிவிடும். அதன் பிறகே விந்தணுவை விட்டுவிட்டு ஊசியை வெளியே எடுக்கிறோம். ஏறத்தாழ 16 முதல் 18 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது, தாயின் மரபுப்பொருளும் தந்தையின் மரபுப்பொருளும் இரண்டு தனித்தனி வட்டங்களாகத் தெரிந்தால் கருவுறுதல் நடந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் என்பதை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 12 முட்டைகள் கிடைத்தால் 9 முதிர்ந்தவையாக இருக்கலாம். அவற்றில் 6 கருவுறலாம். ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் எனும் நன்கு வளர்ந்த கரு நிலையை அடைபவை 3 இருந்தாலே நல்ல பலன்தான். ஊசியால் சில முட்டைகள் சேதமடைவதும் உண்டு. முட்டையின் தரத்தை இக்ஸியால் உயர்த்த முடியாது, கரு கருப்பையில் பதிவதற்கும் அதனால் உதவ முடியாது. விந்தணு உள்ளே நுழைய முடியாத தடை ஒன்றை மட்டுமே அது நீக்குகிறது. அதற்குப் பிறகு நடப்பவற்றைப் பெண்ணின் வயதே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

உங்கள் நாத்தனாருக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. அந்தத் தடையே இல்லாத இடத்தில் அதை நீக்கி என்ன பயன்? வியட்நாமில் விந்தணு எண்ணிக்கையும் நகர்வும் இயல்பாக இருந்த 1,064 தம்பதியரை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தது. குழந்தை பிறப்பு இக்ஸி பிரிவில் 35 சதவீதம், வழக்கமான ஐவிஎஃப் பிரிவில் 31 சதவீதம். புள்ளியியல் நோக்கில் அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. முந்தைய ஐவிஎஃப் சுற்றில் ஒரு முட்டைகூடக் கருவுறாமல் போயிருந்தாலோ, உறைய வைத்த முட்டைகளைப் பயன்படுத்தினாலோ நிலை வேறு. அப்படி எதுவும் இல்லையென்றால், எதற்காக இக்ஸி என்று அவர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

நெடுவழி

மேலே உள்ள பதிவு ஆய்வகத்தின் பக்கத்தை நன்றாக விளக்கியிருக்கிறது. கணவர் பக்கம் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது அதுதான்.

என் விந்தில் ஓர் அணுகூட இல்லை என்று அறிக்கை வந்தது. முதலில் நாங்கள் சென்ற இடத்தில் யாரும் என்னை உடற்பரிசோதனை செய்யவே இல்லை. தானமாகப் பெறும் விந்தணுவைப் பற்றி யோசியுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். பின்னர் ஆண் மலட்டுத்தன்மையில் பயிற்சி பெற்ற சிறுநீரகவியல் மருத்துவர் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்தே, விந்தைக் கொண்டுவரும் நாளம் இரண்டு பக்கமும் பிறவியிலேயே இல்லை என்று கண்டறிந்தார். விதைகளில் உற்பத்தி நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. வெளியே வர வழி மட்டுமே இல்லை. எபிடிடிமிஸ் எனும் சுருள்குழாயிலிருந்து ஊசியால் விந்தணுக்களை எடுத்து இக்ஸி செய்தார்கள். எங்கள் மகள் அப்படிப் பிறந்தவள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பிறவிக் குறைபாடு, நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனும் பரம்பரை நோயோடு தொடர்புடைய சிஎஃப்டிஆர் மரபணு மாற்றங்களால் வரக்கூடியது. மனைவியும் அதே மரபணுவில் மாற்றத்தைச் சுமப்பவராக இருந்தால் குழந்தைக்கு அந்நோய் வரும் வாய்ப்பு உண்டு. ஆகவே சிகிச்சைக்கு முன் இருவருக்கும் பரிசோதனை செய்தார்கள். உங்கள் கணவருக்கு இது பொருந்தாது. ஆனால் மில்லிலிட்டருக்கு 50 லட்சத்திற்கும் குறைவாக உள்ளவர்களுக்கு, குரோமோசோம் பரிசோதனை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது; ஒய் குரோமோசோமில் சிறு பகுதிகள் விடுபட்டுள்ளனவா என்ற பரிசோதனையும் செய்யப்படுவதுண்டு. உங்கள் கணவருடையது 30 லட்சம். இவற்றைப் பற்றி மருத்துவர் எதுவும் சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். ஒய் குரோமோசோமில் உள்ள இழப்பு, இக்ஸி மூலம் பிறக்கும் மகனுக்கு அப்படியே சென்று சேரும். அதை முன்னரே அறிந்து முடிவெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

மேலும், ஒரே அறிக்கையை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால், இரண்டு மாதங்களுக்கு முன் வந்த கடுங்காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டலாம். விதைப்பையில் வெரிகோசீல் எனும் இரத்தக்குழாய்ப் புடைப்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்த பிறகு பலருக்கு எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடும். இதையும் ஒளிவுமறைவின்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

செங்காந்தள்

சகோதரி, நான் இக்ஸி சிகிச்சை பெற்றவள். குறை கணவரின் அறிக்கையில் இருந்தாலும் ஊசிகள் முழுவதும் நம் உடம்பில்தான் ஏறுகின்றன. நெடுவழி எழுதியதை நான் முழுமனத்தோடு ஆதரிப்பதற்கு இதுவே காரணம். கணவரின் பரிசோதனைகளை அரைகுறையாக முடித்துவிட்டு மனைவியின் சினைப்பையைத் தூண்டத் தொடங்குவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

ஏறத்தாழப் பத்து நாட்கள் தினமும் ஹார்மோன் ஊசி இருக்கும். இடையிடையே ஸ்கேன் செய்து முட்டைப்பைகளின் வளர்ச்சியைப் பார்ப்பார்கள். கடைசியாகப் போடும் ஊசியின் நேரம் மிகவும் முக்கியம், ஏனெனில் அதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுக்க வேண்டும். எனக்கு முட்டைகள் அதிகமாக வளர்ந்ததால் வயிறு உப்பி, நடக்கவே சிரமமாக இருந்தது. அந்த மாதமே கருவை வைத்தால் சினைப்பை மிகைத்தூண்டல் தீவிரமாகும் என்று சொல்லி, எல்லாக் கருக்களையும் உறைய வைத்துவிட்டார்கள். அப்போது மனம் உடைந்துபோனேன். ஆனால் அது சரியான முடிவு. வயிறு வேகமாகப் பெருத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒரு கரு மட்டும் வைக்கும்படி கேளுங்கள். இரட்டைக் குழந்தை என்று கேட்க ஆசையாக இருக்கும். குறைப்பிரசவமும் எடைக் குறைவும் அதனோடு சேர்ந்தே வருகின்றன.

முல்லைநிலா

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. கணவரும் இவற்றையெல்லாம் படித்தார். விந்துப் பரிசோதனையை மீண்டும் செய்யவும், சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்க்கவும், மரபணுப் பரிசோதனைகளைப் பற்றிக் கேட்கவும் முடிவு செய்திருக்கிறோம். குழந்தையின் உடல்நலம் பற்றிய என் கேள்விக்கு மட்டும் இன்னும் தெளிவு வேண்டும். அத்துடன், கூடுதல் கட்டணத்தில் விந்தணுவைச் சிறப்பு முறையில் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு என்கிறார்கள். அது தேவையா?

நுண்ணோக்கி

குழந்தையின் நலம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துப் பதிவேடுகளை வைத்து 2012-இல் வெளியான பெரிய ஆய்வில், பிறவிக் குறைபாடுகள் சிகிச்சையின்றி உண்டான கருவுறுதல்களில் 5.8 சதவீதமும், ஐவிஎஃப்-இல் 7.2 சதவீதமும், இக்ஸியில் 9.9 சதவீதமும் இருந்தன. சிறிய குறைகளும் இக்கணக்கில் அடங்கும். இந்த அதிகரிப்பு இக்ஸி ஊசியால் வந்ததா, பெற்றோரின் குழந்தையின்மைக்குக் காரணமான அதே மரபுக்கூறுகளால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். பிரஸ்ஸல்ஸில் இக்ஸி மூலம் பிறந்து வளர்ந்த இளைஞர்களைப் பரிசோதித்தபோது, அவர்களின் விந்தணுச் செறிவு இயல்பாகக் கருவான இளைஞர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. அவர்களின் தந்தையரும் அதே குறைக்காகவே இச்சிகிச்சைக்கு வந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பெரும்பான்மையான குழந்தைகள் ஆரோக்கியமாகவே பிறக்கிறார்கள். உங்கள் நிலையில் இக்ஸிக்குத் தெளிவான காரணம் இருப்பதால், இந்த அபாயத்தை அறிந்து ஏற்றுக்கொள்வதில் தவறில்லை என்பதே என் கருத்து.

சிறப்புத் தேர்வு முறைகளுக்கு முதல் சுற்றிலேயே செலவிட வேண்டாம் என்பேன். முட்டையைச் சுற்றி இயல்பாகவே இருக்கும் ஹயலுரோனிக் அமிலம் என்ற பொருளோடு ஒட்டும் விந்தணுக்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை பிரிட்டனில் 2,700-க்கும் மேற்பட்ட தம்பதியரிடம் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தை பிறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதைவிடப் பயனுள்ள ஒன்றைச் செய்யலாம். முட்டை எடுக்கும் நாளன்று பதற்றத்தில் மாதிரி கொடுக்க முடியாமல் போகும் கணவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு அன்றைய மாதிரி மேலும் மோசமாக அமைவதும் உண்டு. முன்கூட்டியே ஒரு மாதிரியைக் கொடுத்து உறைய வைத்துவிடச் சொல்லுங்கள். அன்றைக்குப் புதிய மாதிரி நன்றாக அமைந்தால் அதையே பயன்படுத்துவார்கள். இல்லையென்றால் உறைய வைத்தது கைகொடுக்கும்.