அக்கா போனில் மாடல் எண் தெரிகிறது, என் போனில் வெறும் 'கே'. ஏன்?

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:
தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நேற்று காலை காசிமேட்டில் ஏலம் முடித்து வந்த அக்கா ஒருவர், மீன் கூடையைப் படியிலேயே இறக்கிவிட்டுப் போனை நீட்டினார். ஏதோ விளம்பரத்தில் கை பட்டிருக்கிறது. 'உங்கள் போனில் 4 வைரஸ்' என்று சிவப்பாக ஒரு பக்கம். போன் மாடல் எண் சரியாக இருந்தது, கீழே 'சென்னை' வேறு. "தம்பி, என் போனு இன்னான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பேங்க் காசு போயிடுச்சா?" என்றார்.

பக்கத்தை மூடிவிட்டேன். ஆனால் எனக்கே பதில் தெரியவில்லை. பிரவுசர் தன்னைப் பற்றி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வரி அனுப்பும், அதற்கு யூசர் ஏஜென்ட் என்று பெயர் என எங்கோ படித்த ஞாபகத்தில் இரண்டு போனிலும் பார்த்தோம். அக்கா போனில் மாடல் எண் அப்படியே இருக்கிறது. என்னுடையதில் 'ஆண்ட்ராய்டு 10. கே' என்று வருகிறது. என் போன் ஆண்ட்ராய்டு 13! இரண்டும் குரோம்தான், ஆனால் இரண்டிலும் வரி 'மோசில்லா' என்றுதான் ஆரம்பிக்கிறது. என்ன கூத்து இது?

வண்ணாரப்பேட்டை கோடு:
அக்கா குரோமை அப்டேட் செய்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். பழைய குரோம், எந்தப் பக்கம் திறந்தாலும் மாடலை ஒப்பித்துவிடும். 2023-ல் கூகுள் அதைக் குறைத்தது. இப்போது எந்த ஆண்ட்ராய்டு போனானாலும் '10, கே'தான். குரோம் பதிப்பிலும் முதல் எண் மட்டும் நிஜம், பின்னால் வருவதெல்லாம் சுழி.

மோசில்லா பழைய கதை. 90-களில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் அந்தப் பெயரைச் சொல்லும். சில தளங்கள் அந்தப் பெயர் சொன்னவர்களுக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் காட்டின. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ப்ளோரரும் 'நானும் மோசில்லாதான்' என்று, மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி பந்தியில் உட்கார்ந்தது. பின்னால் வந்த சஃபாரி, குரோம் எல்லாம் அதே பந்திதான்.

ராயபுரம் ரயிலடி:
'கே' இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். கிளையன்ட் ஹின்ட்ஸ் என்று தனி வழி இருக்கிறது. தளம் கேட்டால் குரோம் மாடலைச் சொல்லும், நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காது. திரை அளவு, மொழி, நேர மண்டலம் இதையெல்லாம் சேர்த்து வைத்தே ஆளை அடையாளம் பிடிக்கப் பார்ப்பார்கள். இன்காக்னிட்டோவில் போனாலும் யூசர் ஏஜென்ட் மாறாது.

'சென்னை' வந்தது ஐபி முகவரியிலிருந்து, அதாவது நம் இணைய இணைப்பின் எண்ணிலிருந்து. அது குத்துமதிப்புதான். என் மொபைல் டேட்டாவில் ஒரு நாள் பெங்களூர் என்று காட்டியது, நான் கல்மண்டபத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேர், போன் நம்பர், பேங்க் கணக்கு எதுவும் அந்த வரியில் கிடையாது. அக்காவிடம் அதை முதலில் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஏதாவது ஆப் இறக்கச் சொல்லி, அவர் இறக்கினாரா என்றும் பாருங்கள். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:
இன்று அக்கா வந்தார். புது ஆப் எதுவும் இல்லை. போனில் இடமே இல்லாமல்தான் அப்டேட் நின்றிருக்கிறது. 'காலை வணக்கம்' படங்களை மட்டும் அழித்தேன், ஏறிவிட்டது. இப்போது அவருக்கும் 'கே'. "அப்போ அந்த நாலு வைரஸு?" என்றார். சும்மா மிரட்டல் அக்கா என்றேன். பாதி நம்பினார்.

இன்னொன்று. கடை கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போட்டிருக்கிறேன், யூசர் ஏஜென்டில் 10 என்று வருகிறதே?

வண்ணாரப்பேட்டை கோடு:
அங்கேயும் 10-லேயே நிறுத்திவிட்டார்கள். போட்டுக் கொடுத்தவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், 11-தான்.