தொடையில் வந்த கட்டி மாத்திரைக்கு அடங்கவில்லை, என்ன செய்வது?

சின்னமனூர்க்காரி:
என் மகனுக்கு 17 வயது, பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறான். ஒன்பது நாளுக்கு முன் வலது தொடையின் உட்புறம் சின்னதாகச் சிவந்திருந்தது. சூட்டுக் கட்டி என்று நினைத்தேன். மாமியார் பார்த்துவிட்டு, "சிலந்தி வந்திருக்கு" என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். கேட்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி அமாக்ஸிசிலின் வாங்கி மூன்று நாள் கொடுத்தேன். அப்புறம் டாக்டர் செஃபாலெக்சின் எழுதினார். அதுவும் இன்றோடு மூன்று நாள். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருந்த சிவப்பு இப்போது என் உள்ளங்கை அளவு பரவிவிட்டது. தொட்டால் கொதிக்கிறது, நடுவில் மஞ்சளாக முனை தெரிகிறது, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. கூட ஆடும் இன்னொரு பையனுக்கும் முழங்கையில் இதே மாதிரி. மருந்துக்கு அடங்காத கிருமி என்கிறார்களே, அதுவா இது? பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலைப்பழம்:
முனை தெரிகிறதே என்று வீட்டில் பிதுக்கிவிடாதீர்கள். என் கணவருக்கு முதுகில் வந்ததை நான்தான் பிதுக்கினேன். மறுநாளே இரண்டு மடங்காக வீங்கி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று.

ஆய்வக அக்கா:
22 வருடம் ஆய்வகத்தில் சீழ்க் கல்ச்சர், அதாவது சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, பார்த்தவள் நான். இந்தக் கிருமியைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது அம்மா. கட்டி வரவைக்கும் சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் கட்டியும், அதிலேயே மருந்துக்கு அடங்காத வகையான எம்ஆர்எஸ்ஏ கட்டியும் ஒரே மாதிரிதான் சிவக்கும், கொதிக்கும், சீழ் பிடிக்கும். அமெரிக்காவில் இதைச் சிலந்திக் கடி என்று நினைத்துக்கொண்டு டாக்டரிடம் வருகிறவர்கள் உண்டு. நம் ஊரில் கட்டிக்கே சிலந்தி என்று பெயர். சந்தேகம் வர வேண்டியது கட்டி போகிற போக்கைப் பார்த்துத்தான். கேட்கிற மருந்தாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் சிவப்பு பரவுவது நிற்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு நிற்கவில்லை. அதோடு உடம்போடு உடம்பு உரசும் ஆட்டம், தோழனுக்கும் அதே கட்டி. நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே போங்கள்.

இரண்டு மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று என்று நினைக்க வேண்டாம். அமாக்ஸிசிலினும் செஃபாலெக்சினும் ஒரே குடும்பம். கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டுதான் இரண்டும் வேலை செய்கின்றன. எம்ஆர்எஸ்ஏ அந்தப் புரதத்தை வேறு வடிவில் செய்துகொள்கிறது, மருந்து ஒட்டுவதில்லை. எம்ஆர்எஸ்ஏவுக்காகவே 1959-இல் மெதிசிலின் என்ற மருந்து வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது வந்தது பென்சிலினுக்கு அடங்காத கிருமிக்காக. 1961-லேயே இங்கிலாந்தில் அதற்கும் அடங்காத கிருமியைக் கண்டார்கள், மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற அந்தப் பெயரின் ஆங்கிலச் சுருக்கம்தான் எம்ஆர்எஸ்ஏ என்று நிலைத்துவிட்டது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். சீழ் கோத்துவிட்டால் எந்த மாத்திரையும் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. டாக்டர் கீறி எடுப்பதுதான் பெரிய வைத்தியம். அப்போது வரும் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மேலாகத் துடைத்த பஞ்சு போதாது, தோலில் சும்மா இருக்கும் கிருமியும் வளர்ந்து குழப்பும். தின்ற மாத்திரைகளின் அட்டை இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஆய்வக ஃபாரத்தில் ஏற்கெனவே தின்ற மருந்தை எழுதும் இடம் காலியாக வரும்போதெல்லாம் எனக்கு மனசு தவிக்கும். நாங்கள் கிருமி வளர்க்கும் தட்டில் செஃபாக்சிடின் என்ற மருந்து ஏற்றிய சின்ன வில்லை வைத்து, கிருமி வளராத வட்டத்தை மறுநாள் அளப்போம். 21 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் எம்ஆர்எஸ்ஏ. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

அதுவரை சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதிவையுங்கள். கோட்டைத் தாண்டி வேகமாகப் பரவினாலோ, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலோ, கட்டியின் அளவுக்கு மீறி வலித்தாலோ, பையன் துவண்டு போனாலோ, ராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். துண்டு, ஷார்ட்ஸ், ரேசர் எதையும் யாரோடும் பகிர வேண்டாம். அந்த இன்னொரு பையன் வீட்டிலும் சொல்லுங்கள்.

சின்னமனூர்க்காரி:
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். அன்றைக்கே கீறினார்கள், அரை டம்ளர் சீழ் இருந்திருக்கும். ரிப்போர்ட்டில் எம்ஆர்எஸ்ஏ என்று வந்தது. கோட்ரைமாக்ஸசோல் என்ற வேறு குடும்பத்து மருந்து கேட்கும் என்று இருந்ததால் டாக்டர் அதைக் கொடுத்திருக்கிறார். சிவப்பு கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது, பிள்ளை நேற்று நன்றாகத் தூங்கினான். அந்தப் பையனையும் கூட்டிப்போய்க் காட்டினோம். அடுத்த வாரம் போட்டி இருக்கிறது, அழுகிறான். கட்டுப் போட்டு ஆட விடலாமா?

ஆய்வக அக்கா:
தூங்கினான் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. கபடியில் கட்டு நிற்காது அம்மா, முதல் பிடியிலேயே அவிழ்ந்துவிடும். புண் மூடிக் காய்ந்து, டாக்டர் சரி என்று சொல்லும் வரை களத்தில் இறக்க வேண்டாம். மாத்திரையையும் அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள்.