ஃபியூசி: ‘விசைச் சமனி’ போதுமா?

அன்பர்களே,

பழைய சட்டைப்பைக் கடிகாரங்களில் உள்ள ஃபியூசிக்கு (செயின் சுற்றும் வரிப்பள்ளம் கொண்ட, ஒருபுறம் ஒடுங்கிய உருளை) நம் அகராதிக்காக ‘விசைச் சமனி’ என்ற தமிழ்ச்சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அது செய்யும் வேலையை இந்தச் சொல் சரியாகவே சொல்கிறது. கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங், முழுதாக முறுக்கியதும் செயினைப் பலமாக இழுக்கும். அப்போது செயின் ஃபியூசியின் ஒடுங்கிய முனையில் இருக்கும். ஸ்பிரிங் தளரத் தளர, இழுக்கும் இடம் அகன்ற பக்கத்துக்கு நகரும். இழுப்பு குறைய ஆரம் கூடுவதால், சக்கரங்களுக்குப் போகும் திருப்புவிசை ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். 1675-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ், இருபுறமும் ஆடி நேரத்தை ஒழுங்குபடுத்தும் பேலன்ஸ் சக்கரத்துக்குச் சுருள்வில் சேர்த்ததற்கு முந்தைய கடிகாரங்களில் விசை கூடினால் நேரமும் முந்தும். அவற்றுக்கு இது உயிர்நாடி.

சிக்கல் வேறு இடத்தில். 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கடிகாரங்கள் பலவற்றில் இதே வேலையை ஸ்டாக்ஃபிரீட் என்ற வேறொரு அமைப்பு செய்கிறது. ஒரு தடித்த வில்பட்டை, சிறு உருளையை நத்தை வடிவத் தகட்டின் விளிம்பில் அழுத்தும், செயினே கிடையாது. அதுவும் விசைச் சமனிதான். எது இருக்கிறது என்று பார்த்து ஊரையும் காலத்தையும் கணிக்கும் சேகரிப்பாளருக்கு இந்தப் பொதுச்சொல் உதவாது.

---

ஏற்கிறேன். ‘கூம்புக் கப்பி’யும் வேண்டாம். பக்கவாட்டில் பார்த்தால் ஃபியூசியின் விளிம்பு உட்குழிந்த வளைகோடு; நேர்க்கூம்பாகக் கடைந்தால் விசை சமமாகாது. பிரெஞ்சில் ‘ஃபியூசி’ என்ற சொல்லுக்கு நூல் சுற்றிய கதிர் என்றே பொருள். ராட்டையின் கதிர் நமக்கும் தெரிந்ததுதானே? ‘வடக்கதிர்’ என்றால் என்ன?

---

‘வடம்’ அருமையான பிடி. தொடக்கத்தில் விலங்குக் குடலிலிருந்து திரித்த நரம்புக் கயிற்றைத்தான் சுற்றினார்கள். 17-ஆம் நூற்றாண்டில்தான் எஃகுச் செயின் பரவியது. தேர்வடம், முத்துவடம் என்று கயிற்றையும் கோவையையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். இங்கே அதுதான் தேவை. நரம்புக்கு வெட்டிய பள்ளத்தின் அடி வளைந்திருக்கும், செயினுக்கு வெட்டியது தட்டையாக இருக்கும். பழைய நரம்புப் பள்ளத்தையே பிற்பாடு செயினுக்காகத் திருத்தி வெட்டிய கடிகாரங்களும் உண்டு. ‘நரம்பு வடம்’, ‘செயின் வடம்’ என்று பிரித்தால் விவரக் குறிப்பில் குழப்பம் வராது.

ஆனால் ‘வடக்கதிர்’ என்றதும் வாசிப்பவர் மனம் வடக்குத் திசைக்கும் ஒளிக்கதிருக்கும் ஓடிவிடும். ‘வடஞ்சுற்றி’ என்றால் ஸ்பிரிங் இருக்கும் பேரலுக்கும் பொருந்தும். ஃபியூசியிலிருந்து அவிழும் செயின் அதன்மேல்தானே சுற்றிக்கொள்கிறது?

என் முடிவு ‘வடப்பம்பரம்’. ஒருபுறம் அகன்று மறுபுறம் ஒடுங்கிய உடல், அதைச் சுற்றி வரிப்பள்ளம், பள்ளத்தில் படியும் கயிறு: சாட்டை சுற்றிய பம்பரத்தைப் பார்த்த எவருக்கும் மூடியைத் திறந்ததும் அடையாளம் தெரியும். பேரலை யாரும் பம்பரம் என்று நினைக்கப்போவதில்லை.

கூடவே ‘தடுப்பு விரல்’ என்ற சொல்லும் வேண்டும். கடைசிச் சுற்றில் செயினே இந்தச் சிறு கம்பியைத் தள்ளும். அது வடப்பம்பரத்தின் உச்சியிலுள்ள மூக்கு போன்ற நீட்சியில் முட்டி, முறுக்கும் சாவி மேலும் திரும்பாமல் நிறுத்தும். விரல் வளைந்திருந்தால் சாவி நிற்காது, செயின் அறும்.

அகராதிக்கான எடுத்துக்காட்டு வாக்கியம்: ‘பேலன்ஸைத் தாங்கும் பாலத்தைக் கழற்றும் முன் ஸ்பிரிங்கின் முறுக்கை முழுதும் இறக்கு, இல்லையேல் வடப்பம்பரம் கட்டுப்பாடின்றிச் சுழன்று சக்கரப் பற்களை உடைக்கும்.’