~ கோப்பில் காலையில் இருந்த பிரதி மட்டும்தான் இருக்கிறது, ஏன்?

கேள்வி:
ஈமாக்ஸ் எடிட்டரில் காலையிலிருந்து ஒரே கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன், இருபது தடவையாவது சேமித்திருப்பேன். மதியம் தெரியாமல் ஒரு பெரிய பத்தியை அழித்து, அப்படியே சேமித்து, ஈமாக்ஸை மூடியும் விட்டேன். பக்கத்திலேயே பெயரின் கடைசியில் வால் போட்ட ~ கோப்பு, அதாவது ஈமாக்ஸ் தானாக எடுத்துவைக்கும் பேக்கப், இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தால், காலையில் திறந்தபோது இருந்த நிலைதான் அதில் இருக்கிறது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தையது அங்கே போய் உட்காராதா?

பதில் 1:
உட்காராது. கோப்பைத் திறந்த பிறகு முதல் தடவை சேமிக்கும்போது மட்டும்தான் ஈமாக்ஸ் பேக்கப் எடுக்கும், அப்புறம் மூடித் திறக்கும்வரை அந்தப் பக்கமே போகாது. நடுவில் வேண்டுமென்றால் கன்ட்ரோல்-யூ அழுத்திவிட்டு வழக்கம்போல் சேமியுங்கள், அந்த நிலை அடுத்த சேமிப்பின்போது பேக்கப்பாக மாறும். ~1~, ~2~ என்று எண் போட்டு வைக்கும் வசதியும் உண்டு, ஆனால் அதுவும் திறந்ததற்கு ஒருமுறை என்ற கணக்குதான், அதனால் அதை நம்பி இதே பள்ளத்தில் மறுபடி விழாதீர்கள். நடுநடுவே தானாகச் சேமித்து வைக்கும் # போட்ட தானியங்கிக் கோப்பும் உதவாது, நீங்கள் சேமித்ததுமே அது அழிந்திருக்கும். இன்னொன்று, பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட்டில் (Git) இருக்கும் கோப்பு என்றால் ஈமாக்ஸ் ~ கோப்பே போடாது, கமிட் பண்ணி அங்கே பதிந்திருப்பீர்கள் என்று அதற்கு ஒரு நம்பிக்கை.

பதில் 2:
நான் பயன்படுத்தும் விம் எடிட்டர் இன்னும் கறார். எழுதும் நேரத்துக்கு மட்டும் பழையதை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளும், எழுதி முடித்ததும் அதையும் அழித்துவிடும். பாதியில் டிஸ்க் நிரம்பினால் காப்பாற்றத்தான் அது, நம் கைத்தவறுக்கு இல்லை. நான் அன்டூஃபைலை, அதாவது செய்த மாற்றங்களின் வரலாற்றைக் கோப்பாக வைக்கும் அமைப்பை, போட்டு வைத்திருக்கிறேன். கோப்பை மூடி மறுநாள் திறந்தாலும் யூ அழுத்த அழுத்த மாற்றங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகிறது. எனக்கு இது பேக்கப்பைவிடப் பல மடங்கு மேல்.

பதில் 3:
கேள்விக்குக் கொஞ்சம் வெளியே, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஈமாக்ஸ் ~ கோப்பைப் பெரும்பாலும் நகல் எடுத்து உண்டாக்குவதில்லை. இருக்கும் கோப்பின் பெயரையே மாற்றி வால் போட்டுவிட்டு, பழைய பெயரில் புதிதாக ஒன்றை எழுதும். ஒரே கோப்புக்கு இரண்டு ஃபோல்டரில் ஹார்ட் லிங்க், அதாவது ஒரே கோப்புக்கு இரண்டு பெயர், வைத்திருந்தேன். ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கம் மாறவே இல்லை, அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் டிஸ்கில் கோப்பை அடையாளம் காட்டும் ஐனோடு எண்ணைப் பார்த்தால், மறுபக்கத்துப் பெயரும் ~ கோப்பும் ஒரே எண்! இப்படி லிங்க் உள்ள கோப்புக்கு மட்டும் நகல் எடுத்து பேக்கப் போடும் பேக்கப்-பை-காப்பியிங்-வென்-லிங்க்டு என்ற அமைப்பை இயக்கியதும் சரியானது.

கேட்டவர்:
நன்றி, இப்போதுதான் புரிகிறது. காலையில் நண்பருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் அந்தப் பத்தியில் பாதி கிடைத்தது. மீதியை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், நாலு வரிக்கு ஒரு கன்ட்ரோல்-யூ.